நிறுவலும் கண்காணிப்பும்: ஆய்வகக் கணினிகளின் நாட்குறிப்பு

2025 ஜூன் 9, திங்கள்

புதிய பருவம் தொடங்குவதற்குள் கல்லூரியின் ஆய்வகக் கணினிகளை எல்லாம் விண்டோஸ் 11-க்கு மாற்றி, பாடத்திட்டம் கேட்கும் மென்பொருள்களையும் நிறுவி முடிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவதால் தள்ளிப்போட வழியில்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டு கணினி கணினியாக உட்காரும் வழக்கத்தை இந்த முறை கைவிடுகிறோம். ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளிலும் நிறுவலை ஓட்டுவதற்கு, அதாவது ஏவுவதற்கு, ஆன்சிபிள்; நிறுவ வேண்டிய மென்பொருள்களைத் தொகுப்புகளாகக் கையாளச் சாக்லேட்டி; கண்காணிப்புக்கு ஸாபிக்ஸ் என்று தேர்ந்திருக்கிறோம். மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். உரிமக் கட்டணம் இல்லாதது ஒரு வசதிதான். ஆனால் ஒரு நிறுவல் தோற்கும்போது அது ஏன் தோற்றது என்று மூலநிரல் வரை சென்று படித்துப் பார்க்க முடிவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மென்பொருள் நிறுவுவதை ஒருவரும், வலையமைப்பைக் கண்காணிப்பதை வேறொருவருமாகப் பிரித்துச் செய்வதே பல இடங்களில் வழக்கம். இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பணியை அப்படியே அமைக்கப்போகிறேன்.

ஜூன் 11, புதன்

ஆன்சிபிளை இயக்கும் கணினி லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து வின்ஆர்எம் என்ற விண்டோஸின் தொலைநிர்வாகச் சேவை வழியாக விண்டோஸ் கணினிகளுக்குள் சென்று பவர்ஷெல் கட்டளைகளை ஓட்டுகிறது. அந்தக் கணினிகளில் ஏஜென்ட் எனப்படும் தனி உதவி நிரல் எதுவும் ஆன்சிபிளுக்குத் தேவையில்லை. சர்வர் பதிப்புகளில் வின்ஆர்எம் இயல்பாகவே திறந்திருக்கும், மேசைக்கணினிப் பதிப்புகளில் மூடியிருக்கும். ஆகவே அமைப்புகளை மையமாக விதிக்கும் குரூப் பாலிசி மூலம் எல்லா ஆய்வகக் கணினிகளிலும் அதைத் திறந்து, நிர்வாகக் கணினியிலிருந்து மட்டும் வின்ஆர்எம்-இன் 5986-ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) அடைய முடியும்படி ஃபயர்வாலில் விதி எழுதினோம்.

ஒரு சிக்கல் இங்கே எல்லோருக்கும் வரும். வின்ஆர்எம் வழியே உள்ளே சென்ற கணக்கு, அங்கிருந்து இன்னொரு சர்வரின் பகிர்வுக் கோப்புறையைத் திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் கிடைத்த அடையாளம், முதல் கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இரண்டாவது தாவலுக்கு இயல்பாகச் செல்லாது. கடவுச்சொல்லையே தொலைக் கணினியிடம் ஒப்படைக்கும் கிரெட்எஸ்எஸ்பி முறையால் இதைத் தாண்டலாம் என்றாலும், மாணவர்கள் உட்காரும் கணினிகளில் நிர்வாகியின் கடவுச்சொல் போய்த் தங்குவதை நான் ஏற்கமாட்டேன். தொகுப்புகளை உள்ளக வலைச் சர்வரில் வைத்து அங்கிருந்து இறக்கச் செய்வதே போதும்.

ஜூன் 13, வெள்ளி

சாக்லேட்டியின் பொதுக் களஞ்சியத்தை நம்பி ஒரு ஆய்வகம் முழுவதையும் ஏவக்கூடாது. எல்லாக் கணினிகளும் ஒரே வெளி முகவரியிலிருந்து கேட்பதால் கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கு அங்குள்ள கட்டுப்பாடு தடுத்துவிடும். அத்துடன், பல தொகுப்புகள் வெறும் குறிப்புகளே. உண்மையான நிறுவியைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த நேரத்தில்தான் இறக்கும். நிறுவிகளை உள்ளடக்கிய எங்கள் சொந்தத் தொகுப்புகளைக் கட்டி, உள்ளகக் களஞ்சியத்தில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம்.

விண்டோஸின் சொந்த நிறுவல் வடிவமான எம்எஸ்ஐ வகை நிறுவிகள் ஒழுங்கானவை. முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தரும்: 0 என்றால் முடிந்தது, 3010 என்றால் முடிந்தது ஆனால் மறுதொடக்கம் தேவை, 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, 1603 என்றால் தோல்வி. தயாரிப்பாளர் தம் விருப்பப்படி எழுதும் இஎக்ஸ்இ வகை நிறுவிகளிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. சில நிறுவிகள் உள்ளே வேறொரு நிரலை ஓடவிட்டுவிட்டு, அது முடிவதற்கு முன்பே 0 என்று சொல்லி வெளியேறிவிடுகின்றன.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும். மாணவர்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் ஒன்றை முதல் ஆய்வகத்தில் ஏவினோம். ஆன்சிபிள் எல்லா வரிகளையும் வெற்றி என்று காட்டியது. "சார், எல்லாம் 0 வந்துடுச்சு, அடுத்த லேபுக்குப் போயிடலாமா?" என்று உதவியாளர் தம்பி கேட்டார். ஆய்வகத்துக்குச் சென்று ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து பார்த்தால் எடிட்டர் எங்கும் இல்லை.

காரணம் நிறுவியின் வகையில் இருந்தது. இத்தகைய மென்பொருள்கள் பலவற்றுக்கு இரண்டு நிறுவிகள் உண்டு: ஒன்று கணினி முழுவதற்கும் உரியது, மற்றொன்று ஓட்டிய பயனருக்கு மட்டும் உரியது. இரண்டாம் வகையை வின்ஆர்எம் வழியே ஓட்டினால், அது நிர்வாகக் கணக்குக்கு மட்டும் உரிய ஆப்டேட்டா கோப்புறைக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. நிறுவி பொய் சொல்லவில்லை. அதன் அளவில் நிறுவல் வெற்றிதான். ஆனால் நமக்கு வேண்டிய வெற்றி, ஒரு மாணவர் உள்ளே நுழைந்தால் மென்பொருள் திறக்க வேண்டும் என்பது. அதை நிறுவியிடம் கேட்டுப் பயனில்லை. கணினியிடம்தான் கேட்க வேண்டும். நிறுவல் முடிந்தது என்று அறிவிக்கும் உரிமையை ஆன்சிபிளிடமிருந்து எடுத்து ஸாபிக்ஸிடம் கொடுப்பது என்று இன்று தீர்மானித்தோம்.

ஜூன் 18, புதன்

ஸாபிக்ஸ், லாத்வியாவின் ரீகாவில் அலெக்ஸெய் விளாடிஷெவ் தொடங்கிய திட்டம். 2001-இல் பொதுவெளிக்கு வந்தது. 2024-இல் வந்த 7.0 பதிப்பை நிறுவியிருக்கிறோம். தகவல் திரட்டும் அதன் ஏஜென்டை ஆய்வகக் கணினிகளில் ஆக்டிவ் முறையில் வைத்தேன்: கணினியே ஸாபிக்ஸ் சர்வரின் 10051-ஆம் போர்ட்டுக்குத் தகவலை அனுப்பும், ஆகவே மாணவர் கணினிகளில் எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை.

இரவில் அணைக்கப்படும் கணினிகளைப் பற்றி "பதிலில்லை" என்று அலாரம் அடிக்கும் கண்காணிப்பு, நான்கே நாளில் எல்லோரையும் அலாரத்தைப் புறக்கணிக்கப் பழக்கிவிடும். சர்வர்களுக்கும், கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் ஸ்விட்ச்களுக்கும் மட்டும் அந்த விதி போதும். ஆய்வகக் கணினி இயங்கும்போது அதில் இருக்க வேண்டியவை இருக்கின்றனவா என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஸாபிக்ஸுக்கென இணையத்தில் கிடைக்கும் பல டெம்ப்ளேட்டுகள் (ஆயத்த அமைப்புகள்), கணினியைப் பற்றிய தகவல் தரும் விண்டோஸின் டபிள்யூஎம்ஐ வசதியில் உள்ள வின்32_ப்ராடக்ட் என்ற வகுப்பை வினவுகின்றன. அது வெறுமனே பட்டியல் தருவதில்லை. நிறுவப்பட்ட ஒவ்வொரு எம்எஸ்ஐ தொகுப்பையும் சரிபார்க்கத் தொடங்கி, குறை கண்டால் பழுதுபார்க்கவும் செய்யும். நிகழ்வுப் பதிவில் 1035 என்ற எண் வரிசையாக நிறையும். மணிக்கொரு முறை அதை எல்லாக் கணினிகளிலும் ஓட்டுவது கண்காணிப்பு ஆகாது, தொந்தரவு. நாங்கள் விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில், கணினி முழுவதற்கும் உரிய எச்கேஎல்எம் பகுதியின் அன்இன்ஸ்டால் விசையில் டிஸ்ப்ளேவெர்ஷன் (பதிப்பு எண்) மதிப்பைப் படிக்கிறோம்; 32-பிட் மென்பொருள்களுக்கு வாவ்6432நோட் கிளையையும் பார்க்கிறோம். பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டது அங்கே தெரியாது. அதனால்தான் திங்கட்கிழமைச் சிக்கல் இனி தானாகவே சிவப்பில் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்விட்ச்கள் கடத்தும் தகவல் அளவின் வரைபடங்கள் பொருளற்ற பள்ளங்களைக் காட்டின. வலையமைப்புச் சாதனங்களிடம் தகவல் கேட்கும் நெறிமுறையான எஸ்என்எம்பி-யில், கடந்த பைட்டுகளை எண்ணும் பழைய 32-பிட் எண்ணி, 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு கிகாபிட்) இணைப்பில் முழு வேகத்தில் சுமார் 34 நொடிகளில் நிரம்பி மீண்டும் 0-இலிருந்து தொடங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் இடையில் எத்தனை சுற்று சுற்றியது என்றே தெரியாது. 64-பிட் எண்ணிகளுக்கு மாற்றியதும் சரியானது. அவை எஸ்என்எம்பி 1-ஆம் பதிப்பில் இல்லை. நாங்கள் குறியாக்கம் உள்ள 3-ஆம் பதிப்பையே பயன்படுத்துகிறோம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று இரண்டு பாதிகளும் சேர்ந்தன. ஆன்சிபிள் ஒரு தொகுதிக் கணினிகளைத் தொடுமுன் ஸாபிக்ஸின் ஏபிஐ-யை (பிற நிரல்கள் கட்டளையிடும் வழியை) அழைத்து அவற்றைப் பராமரிப்பு நிலையில் வைக்கிறது. தகவல் சேகரிப்பு நிற்காமல், எச்சரிக்கை மட்டும் அடங்குகிறது. பின்னர் ஐந்தைந்து கணினிகளாக நிறுவி, 3010 வந்தவற்றை மறுதொடக்கம் செய்து, பதிப்பு எண் ஸாபிக்ஸில் சரியாகத் தெரியும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்த ஐந்துக்குச் செல்கிறது. தெரியாவிட்டால் அங்கேயே நிற்கும். தவறான தொகுப்பு ஒன்று ஐந்து கணினிகளோடு நின்றுவிடும் என்ற இந்த நிம்மதிக்காகவே இவ்வளவு உழைப்பும்.

வேகம் குறைவு என்று ஒரு பேராசிரியர் சொன்னார். உண்மைதான். முதல் மணிநேர வகுப்பில் மென்பொருள் திறக்காமல் அறுபது மாணவர்கள் காத்திருப்பதைவிட, இரவு முழுவதும் மெதுவாக ஓடுவது மேல் என்று அவரிடம் விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்.

ஜூன் 27, வெள்ளி

ஆன்சிபிளின் கோப்புகள், தொகுப்புகளின் குறிப்புகள், ஏற்றுமதி செய்த ஸாபிக்ஸ் டெம்ப்ளேட்டுகள் அனைத்தையும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் வைத்தாயிற்று. கடவுச்சொற்கள் ஆன்சிபிளின் ரகசியப் பெட்டகமான வால்ட்டில் குறியாக்கத்துடன் உள்ளன. இனி எந்த மாற்றமும், யார் செய்தது, எதற்காகச் செய்தது என்ற குறிப்போடுதான் உள்ளே வரும். உதவியாளர் தம்பி தாமாகவே ஒரு தொகுப்பைக் கட்டி, அதற்கான ரெஜிஸ்ட்ரி சோதனையையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டேன். மின்னணுவியல் துறையின் ஆய்வகம் மட்டும் மீதி இருக்கிறது. அங்குள்ள சுற்று வரைவு மென்பொருளின் நிறுவிக்கு, திரையில் எதுவும் கேட்காமல் ஓசையின்றி நிறுவும் வழி இல்லாததால், திங்களன்று அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.