முகம் தெரியாத ஒருவருக்கு ஒரு கதை: என் முதல் யூல்டைட்

போன அக்டோபரில் முதல் முறையாக யூல்டைடில் பெயர் கொடுத்தேன். ஃபேன்ஃபிக், அதாவது பிடித்த நாவல், படம், தொடர்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே புனையும் கதைகளை எழுதுகிறவர்கள், ஒருவருக்கொருவர் கதையைப் பரிசாக எழுதிக் கொடுக்கும் பரிமாற்றங்கள் நிறைய உண்டு. 2003-லிருந்து ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்துவரும் பழைய பரிமாற்றம் இது. பெரிய ரசிகர் கூட்டம் உள்ள படைப்புகளுக்கு இங்கே இடமில்லை. அதிகம் பேர் எழுதாத நாவல், பாதியில் நின்றுபோன தொடர், மறந்துபோன படம் என்று இப்படிப்பட்டவைதான் வரும். எனக்கு உயிரான ஒரு பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் பல வருஷம் இருந்திருக்கிறேன். கதை கேட்கக்கூடிய படைப்புகளின் அந்த ஆண்டுப் பட்டியலில் அதன் பெயரைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. அந்த நாவலை விரும்பும் இன்னொருவர் எங்கோ இருக்கிறார்!

எல்லாம் நடப்பது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தில்; சுருக்கமாக ஏஓ3. தன்னார்வலர்கள் நடத்துவது, விளம்பரம் கிடையாது, கட்டணமும் இல்லை. ஆனால் கணக்கு தொடங்க அழைப்பு வர வேண்டும். மின்னஞ்சல் முகவரி கொடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதால், இந்த ஆண்டு சேர நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

படிவத்தில் இரண்டு பகுதி. எந்தப் படைப்புகளில், எந்தப் பாத்திரங்களைப் பற்றி உங்களுக்குக் கதை வேண்டும் என்பது ஒன்று. நீங்கள் எவற்றில் எழுதத் தயார் என்பது மற்றொன்று. ஒருவருடைய வேண்டுதலும் இன்னொருவருடைய எழுதும் பட்டியலும் படைப்பிலும் பாத்திரத்திலும் எங்கே பொருந்துகின்றன என்று பார்த்து இணைத்துவிடுவார்கள். நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்களோ அவரே உங்களுக்கு எழுத வேண்டும் என்பதில்லை. இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். எப்போதோ பார்த்து ரசித்த படம் என்பதற்காக எழுதும் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். அதே படம்தான் உங்கள் தலையில் வந்து விழும். நானும் முதலில் எட்டு பெயர் எழுதினேன். எதை இன்றைக்கே திரும்பப் படிக்க உட்காருவேன் என்று யோசித்தபோது நான்குதான் மிஞ்சின.

அக்டோபர் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. அந்தத் துப்பறியும் நாவலேதான் எனக்கு அமைந்திருந்தது. கேட்டிருந்தவர் ஒரு கடிதமும் இணைத்திருந்தார். எழுதப்போகிறவர் யாரென்று தெரியாமலே அவருக்கு எழுதும் கடிதம். என்ன மாதிரிக் கதை பிடிக்கும், எது அறவே வேண்டாம் என்று அதில் சொல்வார்கள். பிடித்தவை வெறும் யோசனைகள், பின்பற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘வேண்டாம்’ பட்டியல் அப்படியல்ல, அதை மீறவே கூடாது.

அவர் கடிதத்தில் ஒரு வரி: கொலை நடந்த வீட்டின் சமையல்காரி, வழக்கு முடிந்த பிறகு எங்கே போனாள்? நாவலில் அவள் வருவதே மூன்று இடத்தில்தான். துப்பறிபவர் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். எத்தனையோ முறை படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அன்றிரவே புத்தகத்தை எடுத்து அவள் வரும் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். வீடு பூட்டப்படும் நாளில் பாத்திரங்களைத் துலக்கி அடுக்கிவிட்டு அவள் கிளம்புவதிலிருந்து கதையைத் தொடங்கினேன்.

குறைந்தது 1000 சொல் இருக்க வேண்டும்; எனக்கு 3000-ஐத் தாண்டியது. பதிவேற்றுமுன் வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது வழக்கம், அவரை பீட்டா என்பார்கள். எனக்குக் கிடைத்த பீட்டா, காலக்கெடுவுக்கு நான்கு நாள் முன்பு கேட்டார்: “கடிதத்தை மறுபடி பார்த்தீர்களா? விலங்கு சாகக் கூடாது என்று போட்டிருக்கிறாரே.” கதையின் உச்சமே அந்த வீட்டுக் கிழ நாய் செத்துப்போவதில்தான் இருந்தது. அக்டோபரில் படித்த வரி, டிசம்பருக்குள் என் நினைவிலிருந்து போயிருந்தது. கதை கெட்டுவிடுமே என்று ஒரு நாள் முழுக்க வருத்தம். அப்புறம் உட்கார்ந்து கடைசி 700 சொல்லை அழித்தேன். நாய் பிழைத்தது. அவள் கிளம்பும்போது பின்னாலேயே வந்து, பேருந்துக்கு நிற்கும் இடத்தில் அவள் பெட்டி மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. முதலில் எழுதியதைவிட இதுவே நன்றாக இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். கடிதத்தை அச்செடுத்து மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடுவை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சொல்வார்கள். நாம் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் 2.30. முடியாது என்று தெரிந்தால் குறித்த நாளுக்குள் சொல்லி விலகிக்கொள்ளலாம், யாரும் கோபிப்பதில்லை. அந்த இடத்தை நிரப்ப, குறுகிய நாளில் எழுதிக் கொடுக்கும் பிஞ்ச் ஹிட்டர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் காணாமல் போவதுதான் தவறு, ஏனென்றால் ஒருவர் கதைக்காகக் காத்திருக்கிறார்.

டிசம்பர் 25 அன்று எல்லாக் கதைகளும் ஒன்றாகத் திறந்தன. எழுதியவர் பெயர் ஜனவரி 1 வரை மறைந்தே இருக்கும். எனக்கு ஒன்றுக்கு இரண்டாக வந்திருந்தன. யாரோ என் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாமாகவே ஒரு குட்டிக் கதையும் எழுதியிருந்தார். பரிசு பெற்றால் கட்டாயம் பின்னூட்டம் எழுதுங்கள், இரண்டு வரியானாலும். அன்று முழுவதும் நான் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு, நான் யாருக்காகக் கதை எழுதினேனோ அவர் எழுதியிருந்தார். சமையல்காரிக்கு நான் வைத்த பெயரைக் குறிப்பிட்டு, இனி நாவலைப் படிக்கும்போதெல்லாம் அவளை அந்தப் பெயரில்தான் நினைப்பேன் என்றார். அந்த நாய்க்கும் ஒரு பெயர் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

பெயர் வெளியாகாமலே பதில் சொல்லலாம், தளம் அதை மறைத்துக்கொள்ளும். நாய்க்குப் பெயர் யோசித்து அன்றிரவே அனுப்பினேன்.