கச்சான் காத்தும் கெலவல்லாவும்

கச்சான் எண்ட தென்மேல் பருவக்காத்து எழும்பினா மட்டக்களப்பில எங்களுக்கு வெக்கையும் புழுதியும்தான், ஆனா அதே காத்து வெளிக்கடல்ல செய்யிற வேலை வேற. மே மாசமளவில இலங்கைக்குக் கிழக்கால தண்ணி இடஞ்சுழியா சுத்தத் தொடங்கும், நடுவுல ஆழத்துக் குளிர்தண்ணி மேல ஏறும், ஜூலையில உச்சம், செப்டம்பரோட கலைஞ்சிரும், இதத்தான் ஸ்ரீலங்கா டோம் எண்டு சொல்றாங்க. குளிர்தண்ணியோட சத்தும் ஏறி, வெயில் பட்டு நுண்பாசி பெருகும், மறுகா சின்ன மீன், கணவாய், அதுகளத் தேடி சூரையும், கெலவல்லா எண்ட மஞ்சள் செட்டைச் சூரையும் (yellowfin tuna) வரும்.

சந்தையில வெட்டி வச்ச கெலவல்லாத் துண்டப் பாருங்க, நல்ல சிவப்பு, ஓயாம நீந்துற சதை, அதுக்கு ஒட்சிசன் நிறைய வேணும். வங்காள விரிகுடாவுல கொஞ்சம் கீழ போனாலே ஒட்சிசன் குறைவு, அதால அது கூடுதலா மேல்தண்ணியிலதான் திரியும். வாழைச்சேனையில இருந்து நாள்கணக்கா கடலுக்குப் போற போட்காரருக்கு தூண்டில எவ்வளவு ஆழத்துக்கு இறக்கிற எண்டதுதான் பெரிய கேள்வி, அந்த அனுபவ அறிவ யாராவது எழுதி வைக்கணும் எண்டு எனக்கு உண்மையிலயே ஆசை.