கோள் பற்றி ஒரு புத்தகம்

நம் கல்லூரி மலர்க் குழுவில் இருக்கும் தங்கை ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, கல்லூரி நினைவு ஏதாவது எழுதித் தாருங்கள். விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பு விழாவும் நிறைய வந்துவிட்டன. வேறு ஏதாவது." வேறு என்றால் எனக்கு 1957இல் வந்த ஓர் அமெரிக்கப் படம்தான் நினைவுக்கு வருகிறது என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எழுதுங்கள் அக்கா, இரண்டு பக்கம் இருக்கிறது" என்றாள். அந்த இரண்டு பக்கத்தை நம்பி எழுதுகிறேன்.

படத்தின் பெயர் 'டெஸ்க் செட்'. நான் பிறந்த ஆண்டில் வந்த படம். கல்லூரியில் இருந்த காலத்தில் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ரொறன்ரோவுக்கு வந்து ஆறு ஆண்டுகள் கழிந்து, 1992 குளிர்காலத்தில், கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி தந்த வீடியோ கசெற்றில் பார்த்தேன். "பார், நம்மைப் பற்றி எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லித்தான் தந்தாள்.

கதை நியூயோர்க்கில் ஒரு பெரிய ஒலிபரப்பு நிறுவனத்தில் நடக்கிறது. அதன் தகவல் பிரிவில் நான்கு பெண்கள். சுற்றிலும் புத்தக அடுக்குகள், மேசை தோறும் தொலைபேசி. நிறுவனத்தில் யாருக்கு எந்த ஐயம் வந்தாலும் இவர்களைத்தான் அழைப்பார்கள். பாதிக் கேள்விகளுக்குப் புத்தகத்தைத் தொடாமலே பதில் வரும். தலைவி பன்னி வாட்சன், நடித்தவர் காத்தரின் ஹெப்பர்ன். ஒரு நாள் அங்கே ஓர் ஆள் வந்து, எவரிடமும் ஒன்றும் சொல்லாமல், தரையை அளவு நாடாவால் அளக்கத் தொடங்குகிறார். அவர் ரிச்சர்ட் சம்னர் என்ற பொறியியலாளர், நடித்தவர் ஸ்பென்சர் ட்ரேசி. 'எமரக்' என்ற கணினியை வைக்க இடம் போதுமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணையப் போவதால் விஷயத்தை வெளியே விடக் கூடாது என்று அவருக்கு மேலிடத்துக் கட்டளை. வாயைத் திறக்காத மனிதரும் அளவு நாடாவும் ஒன்றாக வந்தால் கந்தோரில் என்ன பேச்சு எழும் என்பதை நம்மில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படம் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுப் பார்த்தது மொட்டைமாடிக் காட்சி. மதிய உணவுக்கு வரும்படி சம்னர் பன்னியை அழைக்கிறார். நல்ல உணவகம் என்று நினைத்துப் போகிறவரைக் கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிச் சென்று, குளிரில், மேலங்கியோடு உட்கார வைத்து, கையில் சாண்ட்விச்சைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார். ஒருவரைப் பார்த்ததும் முதலில் எதைக் கவனிப்பீர்கள்? ஆணா பெண்ணா என்பதை, என்கிறார் பன்னி, மென்றுகொண்டே.

அடுத்தது ரயில் கணக்கு. 17 பயணிகளும் 9 ஊழியர்களுமாக ஒரு ரயில் புறப்படுகிறது. முதல் நிறுத்தத்தில் 4 பேர் இறங்கி 9 பேர் ஏறுகிறார்கள். அடுத்ததில் 3 பேர் இறங்க ஒருவர் ஏறுகிறார். சப்பாக்குவா என்ற ஊரில் 9 பேர் இறங்கி 4 பேர் ஏறுகிறார்கள். கடைசிக்கு முந்திய நிறுத்தத்தில் 5 பேர் இறங்கி ஒருவர் ஏறுகிறார். அவர் முடிப்பதற்குள் பன்னி சொல்லிவிடுகிறார்: 11 பயணிகள், 9 ஊழியர்கள். (நானும் கசெற்றை நிறுத்திவிட்டுத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரிதான்.) சம்னரோ, கேள்வி அது இல்லை, சப்பாக்குவாவில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்கிறார். ஒன்பது, என்கிறார் பன்னி உடனே. அந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒன்பது எழுத்துத்தான், கவனித்தீர்களா என்று ஒரு திருப்பிக் கேட்பும். சம்னரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஓர் இயந்திரத்தைப் பெருமையோடு கட்டி முடித்தவர், அதைவிட வேகமான ஒன்று சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பதைக் கண்டால் எப்படி இருப்பாரோ அப்படி.

அந்த இடத்தில்தான் எனக்கு நம் நூலக ரீச்சர் வந்து நின்றார்.

70களில் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பிரதான மண்டபத்துக்குப் பின்னால், மாமர நிழல் விழும் அந்த நீள அறை. ஜன்னல் ஓரமாக நான்கு கண்ணாடி அலுமாரிகள். வாசலில் அட்டை இழுப்பறை. அட்டைகளெல்லாம் ரீச்சரின் கையெழுத்து, ஊதா மை. ஆனால் அவர் அந்த இழுப்பறையைத் திறந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் திறந்தால் கொஞ்சம் மனத்தாங்கல் கூட. "என்னிடம் கேட்டால் என்ன?" என்பார். ஓய்வுப் பாடவேளையில் எங்களை வரிசையாக இருத்தி வைத்து, மொட்டைமாடியில் சம்னர் கேட்டது போலவே கேள்வி கேட்பார். விடை சொன்னவளிடம் அடுத்த கேள்வி, "எப்படி அது உனக்கு நினைவிருந்தது?" அதற்குத்தான் நாங்கள் முழிப்போம்.

ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பயந்து பயந்து வந்து, "கோள் பற்றி ஒரு புத்தகம் வேண்டும்" என்றாள். ரீச்சர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "வானத்தில் சுற்றுவதா, வகுப்பில் சுற்றுவதா?" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் விளங்கவில்லை. ரீச்சர் எழுந்து போய் இரண்டாம் அலுமாரியிலிருந்து சூரியக் குடும்பப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு நீதிக்கதைப் புத்தகமும். அது ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பிள்ளையின் வகுப்பில் இரண்டும் தேவை" என்றார்.

படத்தில் எமரக் மாட்டிக்கொள்வதும் இப்படி ஒரு சொல்லில்தான். கோர்ஃபு என்ற கிரேக்கத் தீவு பற்றி யாரோ தொலைபேசியில் விவரம் கேட்கிறார்கள். கணினியோடு வந்த மிஸ் வரினர் என்ற பெண் அதை 'கேர்பியூ', அதாவது ஊரடங்கு, என்று தட்டிவிடுகிறார். இயந்திரம் 'ஊரடங்கு மணி இன்றிரவு ஒலிக்கக் கூடாது' என்ற பொருளில் வரும் ஒரு பழைய நெடுங்கவிதையை அடித்துத் தள்ளுகிறது. கனடாக்காரி இந்தக் காட்சிக்குப் புன்னகைத்திருப்பாள். என் வீட்டு வரவேற்பறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம், ஐந்து பேரும் ஊர் ஆட்கள், ஊரடங்கு பார்த்தவர்கள். கேர்பியூ என்ற சொல் காதில் விழுந்ததும் என் அண்ணி, "அதையும் கணினியில் ஏற்றிவிட்டார்களா!" என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிடம் படம் ஓடியது, ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொரு காட்சிக்கு என்னால் முழுமனதோடு சிரிக்க முடியவில்லை. சம்பளப் பிரிவில் வைத்த இன்னொரு எமரக், நிறுவனத்தில் உள்ள எல்லோருக்கும் இளஞ்சிவப்புத் தாளில் வேலை நீக்கக் கடிதம் அடித்துவிடுகிறது. நிறுவனத்தின் தலைவருக்கும் ஒன்று. பெண்கள் அதைக் கண்டு தங்கள் மேசைகளைக் காலி செய்யத் தொடங்குகிறார்கள். திரையில் அது நகைச்சுவை, நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டுதான் எங்கள் காப்புறுதிக் கந்தோரிலும் கோப்பு அறையைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கோப்பு அறையில் பதினொரு பேர் இருந்தோம். ஆடை சரியாக அணிந்த ஒருவர் வந்து அளந்தார், எழுதினார், போனார். படத்தில் போல அவரை எவரும் காதலிக்கவில்லை.

எங்கள் கணினிக்கும் ஒரு கோர்ஃபு இருந்தது. குடும்பப் பெயருக்கு அதில் 12 எழுத்து இடம் மட்டும். நம் ஆட்களுடைய பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் என்ன நீளம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பாலசுப்பிரமணியமும் பாலசுப்பிரமணியனும் வெட்டுப்பட்டு ஒரே ஆளாகிவிட்டார்கள். ஒருவருடைய கார் மோதியதற்கு மற்றவருக்குக் கடிதம் போனது. அவர் தனக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று எழுதினார். அதற்கும் கணினி பதில் போட்டது. கடைசியில் மேலாளர் என் மேசைக்கு வந்து, இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். தந்தையின் பெயர் எது, தன் பெயர் எது, எந்த எழுத்து விடுபட்டிருக்கிறது என்று பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் மனதில் ஒரு முகவரி இருந்தது. பதினொரு பேரில் நால்வரை வைத்துக்கொண்டார்கள், அதில் நான் ஒருத்தி. கசெற் தந்த பக்கத்து மேசைக்காரியை அனுப்பிவிட்டார்கள்.

படத்தில் அப்படி முடியவில்லை. கணினி வந்தது பெண்களை நீக்குவதற்கில்லை, கூட வேலை செய்வதற்குத்தான் என்று தெரியவருகிறது. தயாரிப்புக்கு உதவியதாக ஐபிஎம் நிறுவனத்துக்குத் தொடக்கத்திலேயே நன்றி சொல்கிறார்கள், எனவே வேறு முடிவை எதிர்பார்த்தால் அது நம் தவறு. அந்தக் காலத்தில் கணினி என்றால் மக்களுக்கு அச்சமும் வியப்பும் சேர்ந்தே இருந்தன. 1946இல் உலகுக்குக் காட்டிய எனியாக் என்ற கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள். 1952 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இரவில் யூனிவாக் என்ற கணினி ஐசன்ஹோவரின் பெருவெற்றியை முன்கூட்டியே சொன்னபோது தொலைக்காட்சிக்காரர்களே முதலில் நம்பவில்லை. அந்த அச்சத்தைத் தடவிக் கொடுக்க ஒரு காதல் கதை ஐபிஎம்முக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

காதலைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மலர்க் குழுத் தங்கை கோபிப்பாள். பன்னிக்கு ஏற்கெனவே மைக் என்று ஒருவர் உண்டு. ஏழு ஆண்டுகளாக இழுத்தடிக்கும் ஆள், பதவி உயர்வில் கண். மழையில் நனைந்து வந்த சம்னர் இரவல் அங்கியோடு பன்னி வீட்டில் இரவு உணவு உண்ணும் நேரம் பார்த்து மைக் கதவைத் தட்டுகிறார். ஹெப்பர்னுக்கு அப்போது ஏறக்குறைய ஐம்பது, ட்ரேசிக்கு அதைவிட ஏழு கூட. இருவரும் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களில் இது எட்டாவது. மரத்தைச் சுற்றவில்லை, கையைப் பிடித்து ஓடவில்லை. ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிக்கும் இடத்தில்தான் காதல் இருக்கிறது. வில்லியம் மார்ச்சன்ட் எழுதிய மேடை நாடகத்தைத் திரைக்கதையாக்கியவர்கள் ஃபீபி, ஹென்றி எஃப்ரன் என்ற கணவன் மனைவி. அவர்களுடைய மகள் நோரா பின்னாளில், 1998இல், மின்னஞ்சலில் காதலிக்கும் இருவரைப் பற்றிப் படம் இயக்கினார். குடும்பத் தொழில்தான்.

புத்தகங்களைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு 1981 பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று சிலர் கேட்கக் கூடும். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மறுநாள் நூலக ரீச்சர் கல்லூரிக்கு வந்து, அலுமாரிகளைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கதிரையில் இருந்தார் என்று அப்போது அங்கே படித்த என் தங்கை சொன்னாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

கடைசிப் பகுதியில் எமரக் தறிகெட்டு விளக்கெல்லாம் மின்னிப் புகையும்போது, அதைச் சரிசெய்யப் பயன்படுவது பன்னியின் தலையிலிருந்து எடுத்த கொண்டை ஊசி. அதைக் கண்டதும் நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். சாவி தொலைந்த நாளில் ரீச்சர் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, வாயில் கடித்து நிமிர்த்தி, அலுமாரியைத் திறந்தது கண்முன் வந்தது. அன்றிரவே மெல்பேர்னில் இருக்கும் என் வகுப்புத் தோழியை அழைத்தேன். அங்கே பகல். படத்தைப் பற்றி நான் சொன்ன எதையும் அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"எந்த அலுமாரி?" என்றாள்.

"மூன்றாவது. அகராதிகள் இருந்தது."

"இல்லை. அது நான்காவது. மூன்றாவதுக்குப் பூட்டே கிடையாது, கயிறு கட்டி வைத்திருந்தோம்."

"உனக்கு எப்படி அது நினைவிருக்கிறது?"

"கயிற்றைக் கட்டியதே நான்தானே."

இந்த மலர் கைக்கு வரும் 1975, 1976 வகுப்புக்காரர்கள் யாராவது எழுதித் தெரிவியுங்கள். நான் இன்னும் மூன்றாவது என்றுதான் சொல்கிறேன்.