ஆளோடு விற்கும் வீடு

வீடு கைமாறினால் வாடகையும் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முதலீட்டுக்கு வீடு வாங்காமல் இருப்பதே நல்லது. என் மச்சானும் அந்தக் கூட்டம்தான். ஸ்காபரோவில் அவன் பார்த்திருக்கும் டவுன்ஹவுஸில் பல வருடங்களாக ஒரு குடும்பம் இருக்கிறது. வாடகை 1,700 டொலர். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கொடுப்பது 2,800. அவன் கணக்கில் எழுதி வைத்திருந்தது எது என்று சொல்லத் தேவையில்லை.

“வாங்கிய பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று முகவர் சொன்னாரே, அத்தான்.”

கூட்டலாம். 2026-க்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 2.1 சதவீதம். 1,700-க்கு அது 35 டொலர் 70 சதம். அதையும் கடைசியாகக் கூட்டிப் பன்னிரண்டு மாதம் ஆன பிறகுதான், 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்துத்தான் கூட்டலாம். உரிமையாளர் மாறினார் என்பதற்காக அந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கு புதிதாகத் தொடங்காது. விற்பவர் இரக்கப்பட்டு நாலு வருடம் கூட்டாமல் விட்டிருந்தால், விட்டது விட்டதுதான். சேர்த்து வைத்து வாங்க முடியாது. அவருடைய இரக்கத்துக்கு இனிமேல் பணம் கட்டப்போவது நீ.

வங்கி வட்டி ஏறினால்? கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதம், 2023 ஜூலையில் 5. அந்த 2023-இலும் வாடகை உச்சவரம்பு 2.5 சதவீதம்தான். கூரை மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்கும், நகர வரி அளவுக்கு மீறி ஏறினாலும் மேலதிகமாகக் கூட்ட அனுமதி கேட்கலாம். ஆனால் உன் கடனுக்கான வட்டி உன்னுடைய பிரச்சினை.

ஒரு விலக்கு உண்டு. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய புதுக் கட்டடங்களுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. 90 நாள் அறிவித்தலும் பன்னிரண்டு மாத இடைவெளியும் அங்கேயும் உண்டு. மச்சான் பார்த்ததோ எண்பதுகளில் கட்டியது.

“நாங்களே குடிவருகிறோம் என்று சொல்லி அவர்களை எழுப்பிவிட்டால்?” இந்தக் கேள்வியை நம்மவர் கொண்டாட்டங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். உண்மையாகவே குடிவருவதென்றால் சரி: 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை இழப்பீடு, குறைந்தது ஒரு வருடம் நீயே இருக்க வேண்டும். பொய் சொல்லி எழுப்பிவிட்டு 2,800-க்குக் கொடுத்தால், தனிநபருக்கு அபராதம் 100,000 டொலர் வரை போகலாம். எனக்கு அபராதத்தை விட, பிள்ளைகளோடு இருக்கும் ஒரு குடும்பத்தைப் பொய் சொல்லி வெளியேற்றுவதுதான் உறுத்துகிறது.

1,700-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற விலையைக் கேள் என்றேன். குடியிருப்பவர் தான் இருக்கப்போகும் கடைசி மாதத்துக்கென்று முன்கூட்டியே கட்டி, விற்பவர் கையில் இருக்கும் வாடகை முற்பணத்தையும், வீடு கைமாறும் அன்றே நீ கட்டும் தொகையில் கழிக்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லிவை. அதற்கு வருடா வருடம் அதே உச்சவரம்பு வீதத்தில் குடியிருப்பவருக்கு வட்டி கொடுக்க வேண்டியவனும் நீதான்.