ஐந்து நாள் சஸ்பென்ஷனும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

நான் தட்டை வீசியது உண்மை. விடுதி மெஸ்ஸில் அந்த வாரம் மூன்றாவது முறையாகச் சாம்பாரில் புழு. சத்தம் கூடியது, யாரோ தள்ளினார்கள், என் கையிலிருந்த தட்டு பறந்தது. பரிமாறும் மேடையின் கண்ணாடி உடைந்தது அதற்கும் பத்து நிமிடம் கழித்து. அப்போது நான் அறைக்குப் போய்விட்டேன். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது என் முகம்தான்.

அன்றிரவே வார்டன் 11 பேரை உட்காரவைத்து வெள்ளைத்தாள் கொடுத்தார். "நான் சொல்றத எழுதுங்க. விஷயம் இதோட முடிஞ்சுடும்." மெஸ்ஸில் தகராறு செய்து கண்ணாடியை உடைத்ததற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து மன்னிப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை. யோசிக்காமல் கையெழுத்தும் போட்டேன். தட்டை வீசியதைக் காட்டிலும் பெரிய முட்டாள்தனம் அது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் பெயர் வந்தது: 15 நாள் சஸ்பென்ஷன், 5,000 ரூபாய் அபராதம். விசாரணை அப்புறமாம்.

15 நாள்தானே, ஊருக்குப் போய் வரலாம் என்றுதான் இருந்தேன். வருகைப்பதிவைக் கணக்குப் போட்டுக் காட்டியவள் வகுப்புத் தோழி. செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதத்துக்கு 68 நாள் வேண்டும், ஆக 22 நாள்தான் விடலாம். எனக்கு மஞ்சள் காமாலையில் ஏற்கெனவே 12 நாள் போயிருந்தது. 15 சேர்ந்தால் 27, வருகை 70 சதவீதம். எங்கள் கல்லூரியில் 65-க்கு மேல் இருந்தால் பணம் கட்டி விலக்கு வாங்கலாம், ஆனால் மருத்துவ விடுப்புக்கு மட்டும். சஸ்பென்ஷன் நாளெல்லாம் ஆப்சென்ட்தான். ஆக, செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. அது நோட்டீஸில் எங்கேயும் எழுதவில்லை.

அப்பா விசைத்தறிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். துறைத்தலைவர் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "பையன் தெரியாம பண்ணிட்டானுங்க சார், பார்த்துச் செய்யுங்க." எனக்கு வலித்தது அந்த ஒரு இடம்தான்.

பெரியப்பா மகள் வக்கீல். "எழுதிக் குடுத்தத திரும்ப வாங்க முடியாது. ஆனா உன் விளக்கத்தத் தனியா குடுக்கலாம்" என்றார் அக்கா. தேர்வு முறைகேட்டுப் புகாரில்கூட மாணவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் சொல்லிவிட்டதாம். "ஆனா அத மனுவுல எழுதிடாத. கோர்ட்டுக்குப் போவேன்னு மிரட்டுற மாதிரி இருக்கும்."

ஒரு பக்கத்தில் முதல்வருக்கு மனு எழுதினேன். தட்டை வீசியதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி உடைந்த நேரத்தில் நான் அங்கே இல்லை, விடுதி வராந்தா கேமரா பதிவைப் பாருங்கள். விசாரணை முடியும்வரையான நாட்களை ஆப்சென்ட்டாகக் கணக்கிட வேண்டாம். அலுவலகத்தில் நகலில் சீல் வைத்துத் தர மாட்டோம் என்றார்கள். நேராக அஞ்சலகம் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பழைய பதிவு அழிவதற்குள் கேமராவைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் அவசரம்.

ஐந்தாம் நாள் மாலை கூப்பிட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் ஐந்து பேர். மொத்தமே 12 நிமிடம். "உடைச்சேன்னு நீயே எழுதியிருக்கியே?" என்பதைத்தான் மூன்று விதமாகக் கேட்டார்கள். சொல்லச் சொல்ல எழுதியது என்றேன். வார்டன் ஜன்னலைப் பார்த்தார். வேதியியல் மேடம் ஒருவர்தான் கேமரா பதிவைப் போடச் சொன்னார். வராந்தாவில் நான் நடந்து போவது நேரத்தோடு தெரிந்தது.

கழிந்த ஐந்து நாளே தண்டனை, அபராதம் 1,000, கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம். நாட்களை ஆப்சென்ட்டில்தான் சேர்த்தார்கள். அதனாலென்ன, 17-தான் ஆனது. மனு கொடுக்காத நான்கு பேருக்கு 15 நாளும் அப்படியே நின்றது. அதில் இரண்டு பேர் அந்த செமஸ்டர் எழுதவில்லை. ஒருவன் கண்ணாடிப் பக்கமே போகாதவன்.

உடைத்தது யாரென்று எங்கள் 11 பேருக்கும் தெரியும். குழுவில் கடைசியாக அதையும் கேட்டார்கள். தெரியாது என்றேன்.