ஆர் என்னும் எழுத்தும் எங்கள் றகரமும்

ஒஸ்லோவுக்கு வந்த முதல் வாரத்தில், என் ஆவணங்களைப் பார்த்த ஓர் அலுவலர் பிறந்த இடத்தை உரக்க வாசித்தபோது "யஃப்னா" என்றார். ஆங்கிலத்தில் ஜகர ஒலியைத் தரும் அந்த முதலெழுத்து நோர்வே மொழியில் யகரமாகவே ஒலிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 1658 முதல் 1795 வரை எங்கள் ஊரை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியிலும் அதற்கு யகர ஒலிதான். பேச்சில் "யாப்பாணம்" என்று சொல்லிப் பழகிய என் காதுக்கு, ஆங்கிலேயர் வாயில் உருவான "ஜஃப்னா"வை விட, முன்பின் அறியாத அந்த மனிதரின் உச்சரிப்பு கிட்டிய உறவாகப் பட்டது. வந்த நாள் தொடக்கம் யாரும் என் ஊரின் பெயரை என் முன்னால் சொல்லியிருக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மொழி வகுப்பு தொடங்கியதும், புதிய சொற்களின் ஒலியைக் கொப்பியின் ஓரத்தில் தமிழெழுத்தில் குறித்து வைத்தேன். குழந்தையைக் குறிக்கும் நோர்வேச் சொல்லை எழுத்துக் கூட்டினால் "பார்ன்" என்று வரும். ஆசிரியை அதை "பாண்" என்றே வாசித்தார். நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் எங்கள் டண்ணகரம் அது; ஊரில் பேக்கரியில் வாங்கும் பாணைச் சொல்வது போலவே இருந்தது. ஒஸ்லோவை உள்ளடக்கிய கிழக்கு நோர்வேயின் பேச்சில், ஆர் என்னும் எழுத்துக்குப் பின்னால் என், ரி (T), டி (D), எல், எஸ் ஆகிய எழுத்துகள் வந்தால், பெரும்பாலும் ஆர் தனக்கென ஓர் ஒலி இல்லாமல், அடுத்த எழுத்தின் நாக்கை மேலண்ணத்துக்கு வளைத்துவிட்டு மறைந்துபோகும். மொழியின் பெயரிலேயே இது நடக்கிறது: "நொர்ஸ்க்" என்று எழுதி "நொஷ்க்" என்கிறார்கள்.

பூனைக்கும் வரைபடத்துக்கும் உரிய சொற்களை அடுத்தடுத்துச் சொல்லக் கேட்டபோது, நான் ஒன்றைக் "கற்" என்றும் மற்றதைக் "கட்" என்றும் எழுதினேன். முன்னதில் இரண்டு ரி, பின்னதில் ஆரும் ரியும். வகுப்பில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. எனக்கு அந்த வேறுபாடு முதல் நாளே கேட்டதற்கு நான் கெட்டிக்காரன் என்பது காரணமல்ல. பத்து, பற்று, பட்டு என்னும் மூன்று சொற்களில் மூன்று வேறு இடங்களில் நாவைப் பதிக்கும் பேச்சில் வளர்ந்ததுதான் காரணம். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பற்று என்பதை "பட்ரு" என்பதுபோல நாநுனி அதிர ஒலிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது அதிர்வதில்லை. நாநுனி பல்லுக்கு மேலுள்ள முரசில் அழுந்திப் பிரியும். மலையாளிகளிடமும் அந்த ஒலி உண்டு.

இந்த ஒலி எங்கள் வாயில் இருப்பதனால்தான் நாங்கள் ஆங்கிலச் சொற்களைக் கேற், லைற், பிளேற், ரிக்கற் என்று எழுதுகிறோம், ரொறன்ரோ என்கிறோம். தமிழ்நாட்டில் கேட், லைட், டிக்கெட், டொராண்டோ. ஆங்கிலேயரின் அந்த ரி ஒலி தகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவே பிறப்பது. எங்களுக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் எழுத்து இருந்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், றகரம் நாநுனி அண்ணத்தை ஒற்றுவதால் பிறப்பது என்றும், ரகரம் வருடுவதால் பிறப்பது என்றும் பிரித்துச் சொல்கிறது. றகரத்தை வல்லினத்தில் வைத்ததும் அதனால்தான். புலம்பெயர்ந்த இடங்களில் எங்கள் எழுத்துக்கூட்டலைப் பிழையென்று திருத்த முன்வருவோரிடம் நான் இதைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

எங்கள் முறையிலும் ஒழுங்கீனம் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. றகரம் சொல்லின் முதலில் வராது என்னும் இலக்கணத்தை மதித்து ரியூசன் என்று ரகரத்தால் எழுதுகிறோம். அதே கையால், உண்மையான ரகர ஒலிக்கு றேடியோ, றோட்டு என்று றகரத்தை முதலில் வைக்கிறோம். ழகரத்தையோ பேச்சில் ளகரத்தோடு கலந்துவிட்டோம். மழை எங்கள் வாயில் "மளை"தான். தமிழ்நாட்டாருக்குப் பற்று நழுவியது போல எங்களுக்கு மழை நழுவியது. எழுத்து மட்டும் இரண்டையும் காத்து வைத்திருக்கிறது.

நோர்வேயில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள உறவை மக்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்திருக்கிறார்கள். ஈவார் ஓசன் என்பவர் நாட்டுப்புறங்களில் நடந்து திரிந்து வட்டார வழக்குகளைச் சேகரித்து, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அந்தப் பேச்சு வழக்குகளிலிருந்து எழுந்த எழுத்துமொழி, டேனிய மரபில் வந்த மற்ற எழுத்துமொழியோடு சமமானது என்று 1885இல் நாடாளுமன்றம் ஏற்றது. இன்றும் அங்கே இரண்டு எழுத்துமொழிகள் உண்டு. ஆனால் இப்படித்தான் பேச வேண்டும் என்று விதிக்கப்பட்ட பேச்சுமொழி ஒன்றும் இல்லை. வகுப்பில் ஆசிரியை இதைச் சொன்ன அன்று, கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் "எண்டு" என்பதை விழுங்கி "என்று" என்று சொல்லப் பழகிய நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

மகள் பிறந்து வளர்ந்தது ஒஸ்லோவில். தமிழெழுத்து கற்பதற்கு முன்பே அவளுக்கு நோர்வே எழுத்து வந்துவிட்டது. ஏழு வயதில் ஊரிலுள்ள அப்பம்மாவுக்குக் கைத்தொலைபேசியில் தானாகவே ஒரு செய்தி அனுப்பினாள். அம்மா என்னை அழைத்து, "பிள்ளை 'வேர்னும்' எண்டு எழுதியிருக்கிறாள், 'வீர்டு' எண்டும் கிடக்குது, என்ன கேக்கிறாள் தம்பி?" என்று கவலையோடு கேட்டார். நான் மகளின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். வேணும் என்பதை வீ, ஈ, ஆர், என், யூ, எம் என்று எழுதியிருந்தாள். வீடு என்பதில் டிக்கு முன்னால் ஓர் ஆர் நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே, நாவளைத்துச் சொல்லும் ஒலிக்கு அவள் அறிந்த ஒரே அடையாளத்தை இட்டிருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் எங்களில் பலர் ணகரத்தையும் னகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதிவிட்டுப் போகிறோம். அந்தக் குழந்தை அவற்றைப் பிரித்திருந்தாள்.

அதே செய்தியை அவள் பேர்கனில் இருக்கும் என் தங்கச்சியின் மகனுக்கும் அனுப்பியிருந்தாள். அவனுக்கும் அது விளங்கவில்லை. பேர்கனில் ஆர் தொண்டையில் உரசிப் பிறக்கிறது, அடுத்த எழுத்தை வளைப்பதில்லை. ஒரே நாட்டில் ஒரே பாடநூலைப் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஒருவர் எழுதிய தமிழை மற்றவர் வாசிக்க முடியாமல் நின்றார்கள். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்த மகளை நான் விடாப்பிடியாகக் கூட்டிச் செல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவளுடைய காது அவ்வளவு நுட்பமாகப் பிரித்தெடுத்த ஒலிகளுக்கு உரிய எழுத்துகள் எங்களிடம் இருக்கும்போது, அவள் ஆரைக் கடன் வாங்கிக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகளின் பின் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். கொக்குவிலில் ஒழுங்கைக்குள் வாகனம் திரும்பும்போதே மகள் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். வாசலில் இறங்கியபோது வீட்டுக்குள் அம்மாவின் தொலைபேசி ஒலித்தது. அம்மா அதை வாசித்துக்கொண்டே விறாந்தையைத் தாண்டி வந்தார். மகள் தமிழெழுத்தில், றகரம் மூன்றையும் சரியாக வைத்து எழுதியிருந்தாள்: "கேற்றைத் திறவுங்கோ அப்பம்மா, நாங்கள் வந்திட்டம்."