பிளாக் 170-இல் இருந்து ஆரம்பிப்போம்

பிளாக்செயின் (பரிவர்த்தனைகளை பிளாக் பிளாக்காகச் சேர்த்துவைக்கும் பொதுப் பதிவேடு) தரவை அலசக் கற்றுக்கொடுங்கள் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் டாஷ்போர்டு எதையும் காட்டுவதில்லை. பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் மெம்பூல்.ஸ்பேஸ் தளத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் 170 என்று மட்டும் அடிக்கச் சொல்வேன். 2009 ஜனவரி 12 அன்று சேர்ந்த பிட்காயின் பிளாக் அது. அதில் இரண்டே பரிவர்த்தனைகள். முதலாவது, அந்த பிளாக்கை உருவாக்கியதற்குப் பரிசாகக் கிடைத்த 50 பிட்காயின். இரண்டாவது, பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ, ஹால் ஃபின்னி என்ற கணினி நிபுணருக்கு அனுப்பிய 10 பிட்காயின். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன முதல் பிட்காயின் அதுதான்.

அந்த இரண்டாவதில்தான் வகுப்பே நின்றுவிடும். இடது பக்கம் 50 என்று இருக்கிறது. வலது பக்கம் 10, 40 என்று இரண்டு வரிகள். "பத்துதானே அனுப்பினார், ஐம்பது எதுக்கு?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. கடையில் 50 ரூபாய் நோட்டைக் கொடுத்து 10 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி 40 கைக்கு வருகிறதல்லவா, அதே கணக்குதான். நோட்டைக் கிழித்துக் கொடுக்க முடியாது, முழுசாகத்தான் நீட்ட வேண்டும். அந்த 50 எங்கிருந்து வந்ததோ, மீதி 40-உம் அங்கேயே திரும்பிப் போயிருப்பதையும் திரையில் பார்க்கலாம்.

பி.காம். படித்தவர்கள் அடுத்து இருப்பு எங்கே என்று தேடுவார்கள். பிட்காயினில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. ஒரு முகவரிக்கு (பிட்காயினைப் பெறும் குறியீடு) வந்த தொகைகளில் இன்னும் செலவாகாதவற்றைக் கூட்டித்தான் இருப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால் பிட்காயின் தரவில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் அப்படி இல்லை. அங்கே கணக்கும் உண்டு, இருப்பும் உண்டு. ஆனால் அதை அப்புறம்தான் சொல்லித்தருவேன்.

அடுத்தது பீட்சா. 2010 மே 22 அன்று லாஸ்லோ ஹன்யெட்ஸ் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. இடது பக்கம் 131 இன்புட் (உள்ளே வரும் தொகைகள்), வலது பக்கம் ஒரே அவுட்புட் (வெளியே போகும் தொகை). இடது பக்கத்தைக் கூட்டினால் 10,000.99 வரும். அந்த 0.99 எங்கே போனது? பிளாக்கைச் சேர்த்தவருக்குக் கட்டணமாக. கட்டணம் என்று பரிவர்த்தனைக்குள் தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. இன்புட்டிலிருந்து அவுட்புட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கட்டணம். கால்குலேட்டரில் இதை ஒரு தடவை போட்டுப் பார்த்தவருக்கு எஸ்க்யூஎல் என்ற தரவு வினவும் மொழியில் எழுதுவது சிரமமாகவே இருக்காது.

எஸ்க்யூஎல்லில் பிளாக்செயின் தரவை வினவ டியூன் என்ற தளம் இருக்கிறது, கூகுளின் பிக்வெரியும் இருக்கிறது. முழு பிளாக்செயினையும் இறக்க வேண்டியதில்லை, சாதாரண லேப்டாப் போதும். பிக்வெரியில் மாதம் 1 டெராபைட் வரை வினவுவது இலவசம். ஆனால் 'செலக்ட் ஸ்டார்' (எல்லா நெடுவரிசையும் வேண்டும் என்று பொருள்) போட்டு, கடைசியில் 'லிமிட் 10' சேர்த்துவிட்டால் பத்து வரிக்குத்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். அது முழு அட்டவணையையும் படித்துவிட்டுத்தான் பத்து வரியைக் காட்டும். வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் கேளுங்கள், மாதத்தைக் குறிப்பிட்டு வடிகட்டுங்கள். எத்தீரியத்துக்குப் போனதும் தசமப் புள்ளியைக் கவனியுங்கள். தொகை முழு எண்ணாகவே இருக்கும், நாம்தான் வகுக்க வேண்டும். எத்தீரியத்தின் நாணயமான ஈத்தருக்கு 18 தசம இடங்கள், அங்கே ஓடும் யூஎஸ்டிடி என்ற டாலர் நாணயத்துக்கு 6. இரண்டையும் ஈத்தரின் எண்ணாலேயே வகுத்தால், கோடி டாலரும் ஒன்றுமில்லாததுபோல் தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. முகவரி வேறு, ஆள் வேறு. பிளாக் 170-இல் மீதி பழைய இடத்துக்கே திரும்பியதால் அது மீதிதான் என்று தெரிந்தது. பின்னால் வந்த பல வாலட்டுகள் (பிட்காயினை வைத்திருந்து அனுப்பும் செயலிகள்) மீதியைப் புது முகவரிக்கு அனுப்புகின்றன. அப்போது எது மீதி, எது கொடுத்த பணம் என்பது ஊகம்தான். ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்து வரும் இன்புட்டுகள் ஒருவருடையவை என்பதும் ஊகம்தான். பலர் தங்கள் பணத்தை ஒரே பரிவர்த்தனையில் சேர்த்துக் கலக்கும் காயின்ஜாயின் வந்தால் அது உடைந்துவிடும். 2013-இல் சாரா மெய்க்கிள்ஜான் என்ற ஆய்வாளரின் குழுவினர் எந்த முகவரி எந்த நிறுவனத்துடையது என்று அடையாளம் காண, தாங்களே அந்தச் சேவைகளில் பணம் போட்டார்கள், எடுத்தார்கள், பொருள் வாங்கினார்கள். பெயர்கள் செயினில் இல்லை, வெளியே போய்த்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதனால் என் மாணவர்களின் அட்டவணையில் 'எப்படித் தெரியும்' என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் இருக்க வேண்டும். செயினில் பார்த்ததா, ஊகமா, வேறொருவர் ஒட்டிய பெயரா என்று ஒவ்வொரு வரிக்கும் எழுத வேண்டும். அது காலியாக இருக்கும் வரைக்கும் படம் வரைய நான் விடுவதில்லை.